தள்ளுபடி விலையில் வாங்கிய பாண்டுகளை அமெரிக்க வருமான வரியில் காட்டுவது எப்படி?

பத்தாயிரம் டாலர் முகமதிப்புள்ள ஒரு நிறுவன பாண்டை (கடன் பத்திரத்தை) 9,400 டாலருக்கு வாங்குகிறீர்கள். மூன்று ஆண்டுகளில் அது முதிர்ந்து, 10,000 டாலர் உங்கள் கணக்கில் வந்து சேர்கிறது. இடையில் பாண்டு தவணைதோறும் தந்த கூப்பன் வட்டி தனிக் கணக்கு. விலை வித்தியாசமாகக் கிடைத்த இந்த 600 டாலர் என்ன வகை வருமானம்?

பங்குகளை வாங்கி விற்றுப் பழகியவர்கள் யோசிக்காமல் விடை சொல்வார்கள்: நீண்ட கால மூலதன ஆதாயம், 15 சதவீத வரி. சட்டம் சொல்லும் விடை வேறு. பெரும்பாலும் அது வட்டி வருமானம்தான். சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி கட்டுகிறீர்களோ அதே விகிதம் இதற்கும். 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 90 டாலருக்குப் பதில் 144 டாலர்.

2022இல் வட்டி விகிதங்கள் ஏறியபோது, 2020, 2021இல் மிகக் குறைந்த கூப்பனோடு வெளிவந்த பாண்டுகளின் விலை இறங்கியது. அப்போது வாங்கியவர்களின் பாண்டுகள் ஒவ்வொன்றாக முதிர்ந்துகொண்டிருக்கின்றன. நானும் அப்படி வாங்கியவன். முதல் பாண்டு முதிர்ந்த ஆண்டில் புரோக்கரின் உதவி எண், வரி மென்பொருளின் உதவிப் பக்கம், தெரிந்த கணக்காளர் என மூன்று இடங்களில் கேட்டேன். மூன்று விதமான பதில் வந்தது. ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) வெளியீடு 550ஐயும், விற்பனை லாப நட்டத்தைக் காட்டும் படிவம் 8949இன் வழிகாட்டுதலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்த பிறகுதான் வழி தெளிந்தது. அதை வரிசைப்படுத்தித் தருகிறேன். புதிதாக பாண்டு வாங்கத் தொடங்கியவர்கள் முதல் நான்கு படிகளையாவது வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

1. இந்தத் தலைவலி உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்

பாண்டு உங்கள் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்குள் இருக்கிறதா? இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். அந்தக் கணக்குக்குள் நடக்கும் வாங்கல், விற்றல், முதிர்வு எதையும் ஆண்டுதோறும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை.

பாண்டு மியூச்சுவல் ஃபண்டோ இடிஎஃபோ வைத்திருக்கிறீர்களா? தள்ளுபடிக் கணக்கை ஃபண்டே பார்த்துக்கொள்கிறது. அதற்காக உங்களுக்கு வருவது டிவிடெண்ட் படிவம்தான்.

எஃப்-1 விசாவில் வந்து ஐந்து ஆண்டு முடியாத மாணவர்கள் பொதுவாக வரி நோக்கில் அயல்நாட்டவர்; அவர்கள் நிரப்பும் வருமான வரிப் படிவம் 1040-என்ஆர். விதிகள் வேறு. இங்கே சொல்வது 1040 நிரப்புபவர்களுக்கு: எச்-1பி விசாவில் வரி நோக்கில் வசிப்பவர் ஆகிவிட்டவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், குடிமக்கள்.

ஆக, சாதாரண புரோக்கரேஜ் கணக்கில் தனி பாண்டை முகமதிப்புக்குக் கீழே வாங்கியவர்களுக்குத்தான் அடுத்த படிகள்.

2. எந்த வகைத் தள்ளுபடி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மூன்று நடைமுறை.

முதலாவது, வெளியீட்டுத் தள்ளுபடி. பாண்டை வெளியிடும்போதே முகமதிப்புக்குக் கீழே விற்பது. படிவங்களில் ஓஐடி என்று இருக்கும். கூப்பனே இல்லாத ஜீரோ கூப்பன் பாண்டுகள் இந்த வகைக்கு நல்ல உதாரணம். கையில் காசு வராவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் பங்கை வட்டியாகக் காட்டியாக வேண்டும். அதற்குப் புரோக்கரிடமிருந்து 1099-ஓஐடி படிவம் வரும்.

இரண்டாவது, சந்தைத் தள்ளுபடி. வெளியிட்டபோது முழு விலை. பிறகு சந்தையில் விலை இறங்கியபின் நீங்கள் வாங்கினீர்கள். படிவங்களில் மார்க்கெட் டிஸ்கவுண்ட் என்பார்கள். இதற்கான வரியைப் பொதுவாக விற்கும் ஆண்டிலோ முதிரும் ஆண்டிலோ கட்டினால் போதும். என் பாண்டுகள் இந்த வகை. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான் என்பதால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியது.

மூன்றாவது, ட்ரெஷரி பில். 4 வாரம் முதல் 52 வாரம் வரையிலான குறுகிய கால அமெரிக்க அரசுப் பத்திரம். கூப்பன் கிடையாது, வாங்கும் விலைக்கும் முகமதிப்புக்கும் உள்ள வித்தியாசமே வட்டி. மூன்றிலும் எளியது இதுதான்.

ஒரே பாண்டில் முதல் இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜீரோ கூப்பன் பாண்டைச் சந்தையில் வாங்கினால், வெளியீட்டு விலையோடு அதுவரை சேர்ந்த ஓஐடியைக் கூட்டி, அந்தத் தொகைக்கும் கீழே வாங்கியிருந்தால் மட்டுமே சந்தைத் தள்ளுபடி உண்டு. முகமதிப்போடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

3. கால் சதவீதக் கணக்கைப் போடுங்கள்

சந்தைத் தள்ளுபடி மிகச் சிறியதாக இருந்தால் சட்டம் அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்கிறது. அப்போது கிடைக்கும் லாபம் மூலதன ஆதாயம். எது சிறியது? முகமதிப்பில் கால் சதவீதத்தை, வாங்கிய நாளிலிருந்து முதிர்வு வரை மீதமுள்ள முழு ஆண்டுகளால் பெருக்குங்கள். உங்கள் தள்ளுபடி அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் சிறியது.

மேலே சொன்ன பாண்டு: மூன்று முழு ஆண்டுகள், 0.25 × 3 = 0.75 சதவீதம். 10,000 டாலருக்கு 75 டாலர். தள்ளுபடியோ 600. எல்லையைத் தாண்டிவிட்டது, அந்த 600உம் சந்தைத் தள்ளுபடிதான். 75ஐக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எல்லையைத் தொட்டுவிட்டால் முதல் டாலரிலிருந்தே எண்ணிக்கை தொடங்கும்.

இன்னொரு பாண்டு: பத்து ஆண்டுகள் மீதம், 9,800 டாலருக்கு வாங்கினீர்கள். எல்லை 250 டாலர், தள்ளுபடி 200. முதிர்வில் கிடைக்கும் 200 டாலர் நீண்ட கால மூலதன ஆதாயம்.

கவனம்: முழு ஆண்டுகளை மட்டுமே எண்ண வேண்டும். 9 ஆண்டு 11 மாதம் மீதமிருந்தால் அது 9தான். எல்லைக்கு அருகில் விலை நிற்கும் பாண்டை வாங்கும்போது இந்த ஒரு மாதம் வரி வகையையே மாற்றிவிடும். ஒரே ஈட்டு விகிதம் (ஆண்டு வருவாய் விகிதம்) தரும் இரண்டு பாண்டுகளில் ஒன்று அதிகக் கூப்பனோடு முகமதிப்பை ஒட்டியும், மற்றது குறைந்த கூப்பனோடு ஆழமான தள்ளுபடியிலும் கிடைத்தால், இரண்டாவது ‘மூலதன ஆதாயம் தரும், அதனால் வரி குறைவு’ என்று நம்பி வாங்காதீர்கள். அந்தச் சலுகை இல்லை. வரியைத் தள்ளிப்போடும் வசதி மட்டும் உண்டு. அதுவும் ஒரு லாபம்தான், ஆனால் நினைத்த அளவு பெரியதல்ல.

4. ஆவணங்களைச் சேருங்கள், அவசரப்பட்டு தாக்கல் செய்யாதீர்கள்

தேவையானவை:

வாங்கியபோது வந்த டிரேட் கன்ஃபர்மேஷன். விலை, தேதி, புரோக்கர் கட்டணம், விற்றவருக்கு நீங்கள் கொடுத்த சேர்ந்த வட்டி நான்கும் அதில் இருக்கும். வாங்கிய அன்றே பிடிஎஃபாக இறக்கி வையுங்கள். கணக்கை வேறு புரோக்கருக்கு மாற்றினால் பழைய தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

ஆண்டு முடிந்தபின் புரோக்கரிடமிருந்து வரும் ஒருங்கிணைந்த 1099 என்ற வருமான அறிக்கை. இதற்குள்ளேயே 1099-ஐஎன்டி (வட்டி), 1099-ஓஐடி (வெளியீட்டுத் தள்ளுபடி), 1099-பி (விற்பனை) எல்லாம் அடங்கியிருக்கும். பிப்ரவரி நடுவில் வரும். பாண்டு வைத்திருப்பவர்களுக்குத் திருத்திய 1099 மார்ச்சில் வருவது மிகச் சாதாரணம். பிப்ரவரியிலேயே தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கியவர்கள் பிறகு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மார்ச் நடுப்பகுதி வரை பொறுத்திருப்பது நல்லது. ஏப்ரல் 15க்குள் முடியாது என்றால் படிவம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். ஆனால் அது தாக்கலுக்கான அவகாசம் மட்டுமே. வரிப் பணத்தை ஏப்ரல் 15க்குள் கட்டியாக வேண்டும்.

அரசின் ட்ரெஷரி டைரக்ட் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் 1099 தபாலில் வராது. நீங்களே கணக்குக்குள் போய் மேனேஜ் டைரக்ட் பகுதியில் எடுத்துக்கொள்ள வேண்டும். தபாலுக்காகக் காத்திருந்து அந்த வருமானத்தையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

செலவைப் பொறுத்தவரை: சந்தையில் நிறுவன பாண்டு வாங்க, பெரிய புரோக்கர்களிடம் ஆயிரம் டாலர் முகமதிப்புள்ள ஒரு பாண்டுக்கு 1 டாலர் என்பது வழக்கமான கட்டணம். இது அடக்க விலையில் சேர்ந்துவிடும். வரிக் கணக்குக்கு, 1099-பி விவரங்களை வரிசைவரிசையாக ஏற்றுக்கொள்ளும் எந்த மென்பொருளும் போதும். பாண்டுகள் ஒன்றிரண்டுதான் என்றால் இதற்காக மட்டும் சிபிஏவை (உரிமம் பெற்ற கணக்காளரை) தேடிப் போக வேண்டியதில்லை.

5. 1099-பியில் 1எஃப் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

பாண்டு முதிர்வதும் வரிக் கணக்கில் விற்பனையாகவே கருதப்படுகிறது. எனவே நீங்கள் எதையும் விற்காவிட்டாலும் முதிர்ந்த ஆண்டில் 1099-பி வரும்.

நம் உதாரண பாண்டு 2022 நவம்பர் 3 வாங்கி, 2025 நவம்பர் 3 முதிர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் அதன் வரிசை இப்படி இருக்கும். இடது பக்கம் நிறுவனத்தின் சுருக்கப் பெயர், 2.000% என்று கூப்பன், முதிர்வு தேதி, பாண்டை அடையாளம் காட்டும் ஒன்பது எழுத்து க்யூசிப் எண். அடுத்து வாங்கிய தேதி, முதிர்ந்த தேதி. பிறகு 1டி கட்டத்தில் வரவு 10,000.00, 1இ கட்டத்தில் அடக்க விலை 9,400.00. அதற்கும் பக்கத்தில் ஒரு பத்தி. சில புரோக்கர்கள் 1எஃப்பையும் 1ஜியையும் ஒரே பத்தியில் போட்டு, எண்ணின் ஓரத்தில் ஒரே ஓர் எழுத்தால் வேறுபடுத்துவார்கள். டி என்று இருந்தால் சேர்ந்த சந்தைத் தள்ளுபடி, டபிள்யூ என்று இருந்தால் வாஷ் சேல் நட்டம் (விற்றதையே உடனே திரும்ப வாங்கியதால் கழிக்க முடியாத நட்டம்). நம் வரிசையில் 600.00 டி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறிய அந்த எழுத்துத்தான் உங்கள் வருமானத்தின் வகையைத் தீர்மானிக்கிறது. அதற்கும் வலப்பக்கம் ‘லாபம் 600’ என்று கொட்டையெழுத்தில் இருக்கும். அதை நம்பி மூலதன ஆதாயம் என்று எழுதிவிடாதீர்கள்.

1எஃப் காலியாக இருந்தால் தள்ளுபடி இல்லை என்று பொருளல்ல. 5ஆம் கட்டத்தில் குறி இருந்தால், அது புரோக்கர் கணக்கு வைக்கக் கடமைப்படாத பழைய பத்திரம். 2014க்கு முன் வாங்கிய பாண்டுகள் பொதுவாக அந்த வகை. அப்போது நீங்களே கணக்கிட வேண்டும்.

முதிர்வு வரை வைத்திருந்தால் கணக்கு எளிது. தள்ளுபடி முழுவதும் சேர்ந்துவிட்டது. இடையில் விற்றால் அதுவரை எவ்வளவு சேர்ந்தது என்று பிரிக்க வேண்டும். நம் பாண்டை ஓராண்டு மீதமிருக்கையில் 9,900 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 500. நாள் கணக்கில் சமமாகப் பிரித்தால் 600இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 400 வட்டி. மீதி 100 நீண்ட கால மூலதன ஆதாயம். நிலையான ஈட்டு முறையில் கூட்டு வட்டிபோல் கணக்கிட்டால் வட்டி சுமார் 392, ஆதாயம் 108. இந்த முறையில் ஆரம்ப ஆண்டுகளில் தள்ளுபடி மெதுவாகச் சேரும். இடையில் விற்பவருக்கு இது கொஞ்சம் சாதகம். 2015 முதல் வாங்கிய பாண்டுகளுக்கு, நீங்கள் எழுத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் புரோக்கர்கள் நிலையான ஈட்டு முறையிலேயே 1எஃப்பைக் கணக்கிடுகிறார்கள்.

6. இரண்டு இடத்தில் எழுதுங்கள்: படிவம் 8949, ஷெட்யூல் பி

இதுதான் மையமான படி. ஒரே தொகையை ஓரிடத்தில் கழித்து இன்னோரிடத்தில் சேர்க்கிறோம். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கணக்கு தவறிவிடும்.

படிவம் 8949இல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் இரண்டாம் பகுதி. அடக்க விலையை ஐஆர்எஸுக்குப் புரோக்கர் தெரிவித்துவிட்டார் என்றால் டி என்ற பெட்டியில் குறி. பிறகு: வரவு 10,000, அடக்கம் 9,400, எஃப் பத்தியில் டி என்ற குறியீடு, ஜி பத்தியில் கழித்தல் 600, எச் பத்தியில் மிஞ்சுவது பூஜ்யம். அங்கே மூலதன ஆதாயம் எதுவும் இல்லை.

அடுத்து ஷெட்யூல் பி. வட்டி வருமானப் பட்டியலில் புரோக்கர் பெயரோடு ‘அக்ரூட் மார்க்கெட் டிஸ்கவுண்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 600 டாலர்.

இங்கே உள்ள பொறிகள்:

ஜி பத்தியில் கழிக்கும் தொகை உங்கள் லாபத்தைத் தாண்டக் கூடாது. 1எஃப்பில் 400 இருந்து, விற்றதில் 250தான் லாபம் என்றால் 250 மட்டுமே வட்டி. நட்டத்தில் விற்றிருந்தால் வட்டியே இல்லை. 1எஃப் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். 8949 வழிகாட்டுதலில் இதற்கென்றே ஒரு சிறிய கணக்குத் தாள் இருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதை எடுக்கச் சொல்லும்.

புரோக்கர் கோப்பை மென்பொருளுக்குள் அப்படியே இறக்கும்போது 1எஃப் வருகிறதா என்று வரிசைவரிசையாகப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பதியும் சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண் காணாமல் போய்விடும். குறியீடு தேவைப்படும் விற்பனையைச் சுருக்கமாக, மூலதன ஆதாயத்தின் மொத்தத்தைக் காட்டும் ஷெட்யூல் டியில் நேரே போட முடியாது. 8949 வழியாகத்தான் போக வேண்டும்.

சில மென்பொருள்கள் 1எஃப்பை ஏற்றதும் ஷெட்யூல் பியிலும் தாமே சேர்த்துவிடும். சிலவற்றில் வட்டிப் பக்கத்துக்குப் போய் நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டும். தாக்கல் செய்வதற்கு முன் படிவங்களை பிடிஎஃபாக எடுத்து, ஷெட்யூல் பியில் அந்த 600 சரியாக ஒரே ஒரு முறை இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு முறை இருந்தால் வீண் வரி. இல்லாவிட்டால் ஐஆர்எஸிடமிருந்து கடிதம்.

பங்குகளில் நட்டப்பட்டு அதைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். ‘பாண்டு முதிரும்போது வரும் லாபத்தை அந்த நட்டம் விழுங்கிவிடும்’ என்று கணக்குப் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மூலதன நட்டம் மூலதன ஆதாயத்தைத்தான் ஈடுகட்டும். வட்டி போன்ற மற்ற வருமானத்துக்கு எதிராக ஆண்டுக்கு மொத்தம் 3,000 டாலர் வரைதான் கழிக்க முடியும்.

7. விற்றவருக்குக் கொடுத்த வட்டியைக் கழிக்க மறக்காதீர்கள்

இரண்டு கூப்பன் தேதிகளுக்கு நடுவில் பாண்டு வாங்கினால், முந்தைய கூப்பனிலிருந்து அன்றுவரை சேர்ந்த வட்டியை விற்றவருக்குக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். பிறகு முழுக் கூப்பனும் நமக்கு வருகிறது. 1099-ஐஎன்டியிலும் முழுத்தொகையே வரும். நாம் கொடுத்த தொகையை அந்தப் படிவம் கழிப்பதில்லை. அது 1099இன் பின்பக்கத்தில் ‘துணைத் தகவல்’ பகுதியில் தனியாகக் கிடக்கும். ஐஆர்எஸுக்கு அது போவதுமில்லை. நீங்கள் கழித்தால்தான் உண்டு.

100 டாலர் கூப்பன் வந்தது, வாங்கியபோது 70 கொடுத்தீர்கள் என்றால்: ஷெட்யூல் பியில் 100ஐ எழுதி, கூட்டுத்தொகைக்குக் கீழே ‘அக்ரூட் இன்ட்ரஸ்ட்’ என்று எழுதி 70ஐக் கழியுங்கள். வட்டி மொத்தம் 1,500 டாலரைத் தாண்டாவிட்டாலும் இப்படிக் கழிப்பதற்கு ஷெட்யூல் பி தேவை.

டிசம்பரில் வாங்கி, முதல் கூப்பன் அடுத்த ஆண்டில் வந்தால், கழிப்பதும் அடுத்த ஆண்டில்தான். ஆனால் அந்த 70 டாலர் காட்டப்படுவது வாங்கிய ஆண்டின் 1099இல். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. ஒரு தாளில் குறித்து அடுத்த ஆண்டுக் கோப்பில் போட்டுவையுங்கள்.

அடிக்கடி நடக்கும் குழப்பம்: இந்தச் சேர்ந்த வட்டி வேறு, சேர்ந்த சந்தைத் தள்ளுபடி வேறு. முன்னது நீங்கள் கொடுத்தது, கழிக்க வேண்டியது. பின்னது நீங்கள் பெற்றது, சேர்க்க வேண்டியது.

8. ட்ரெஷரி பில், ஜீரோ கூப்பன், முனிசிபல் பாண்டு

ட்ரெஷரி பில்லை வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால், வித்தியாசம் முழுவதும் 1099-ஐஎன்டியின் 3ஆம் கட்டத்தில் வட்டியாக வரும். அக்டோபரில் 9,780 டாலருக்கு வாங்கிய பில் ஏப்ரலில் முதிர்ந்தால் 220 டாலரும் முதிர்ந்த ஆண்டின் வருமானம். இரண்டு ஆண்டாகப் பிரிக்க வேண்டாம். இடையில் விற்றால் நாள் கணக்குப்படி சேர்ந்த தள்ளுபடி வட்டி, அதற்கு மேல் கிடைத்தது குறுகிய கால ஆதாயம். அதே தொகை 1099-ஐஎன்டியிலும் 1099-பியிலும் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜீரோ கூப்பன் பாண்டிலும், ட்ரெஷரி ஸ்ட்ரிப்ஸிலும் (கூப்பனைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கும் ட்ரெஷரி பத்திரம்), ஆண்டுதோறும் வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டும். காட்டிய தொகை அடக்க விலையில் ஏறிக்கொண்டே போகும். அதைக் குறித்து வைக்காவிட்டால் முதிர்வில் அதே பணத்துக்கு மறுபடி வரி கட்டும்படி ஆகும். இவற்றை ஐஆர்ஏவுக்குள் வைப்பதே நிம்மதி என்பது என் கருத்து.

மாநிலங்களும் நகராட்சிகளும் வெளியிடும் முனிசிபல் பாண்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கூப்பனுக்குக் கூட்டாட்சி வரி இல்லை என்பதால் எல்லாமே வரியற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். 1993 ஏப்ரல் 30க்குப் பிறகு வாங்கிய முனிசிபல் பாண்டின் சந்தைத் தள்ளுபடி சாதாரண வருமானம். முழு விகிதத்தில் வரி உண்டு. வெளியீட்டுத் தள்ளுபடிக்கு மட்டும் விலக்கு. ஆழமான தள்ளுபடியில் கிடைக்கும் முனிசிபல் பாண்டின் ஈட்டு விகிதம் கவர்ச்சியாகத் தெரிந்தால், அதில் தள்ளுபடிக்கான வரியைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

9. ஆண்டுதோறும் கட்டும் தேர்வு வேண்டுமா?

சந்தைத் தள்ளுபடியை முதிர்வு வரை தள்ளிப்போடாமல் ஆண்டுதோறும் வட்டியாகக் காட்டிவிடவும் சட்டப்பிரிவு 1278(பி) இடம் தருகிறது. இதைத் தேர்ந்தெடுத்தால், உரிய காலத்தில் தாக்கல் செய்யும் படிவத்தோடு, இந்தப் பிரிவின்கீழ் தள்ளுபடியை வருமானத்தில் சேர்த்திருக்கிறேன், இந்த முறையில் கணக்கிட்டேன் என்று ஓர் அறிக்கை இணைக்க வேண்டும். புரோக்கருக்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் தொகை 1099-ஐஎன்டியின் 10ஆம் கட்டத்தில் ஆண்டுதோறும் வரும், அடக்க விலையும் ஏறும்.

ஆனால் இது ஒரு பாண்டுக்கு மட்டுமான தேர்வல்ல. அந்த வரியாண்டின் முதல் நாளிலிருந்து வாங்கும் எல்லாச் சந்தைத் தள்ளுபடி பாண்டுகளையும் கட்டுப்படுத்தும். ஐஆர்எஸ் ஒப்புதல் இல்லாமல் பின்வாங்க முடியாது. உயர்ந்த வரி அடுக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தள்ளிப்போடும் வசதியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? படிப்புக்காகவோ குழந்தைக்காகவோ வேலையை விட்டு, சில ஆண்டுகள் வருமானம் குறைந்திருப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

10. மாநில வரி, முன்கூட்டிய வரி

ட்ரெஷரி கூப்பனுக்கும் ட்ரெஷரி பில் தள்ளுபடிக்கும் மாநில வருமான வரி கிடையாது. கலிபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இது கணிசமான பணம். 3ஆம் கட்டத் தொகை மாநிலப் படிவத்தில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட கால ட்ரெஷரியில் 1எஃப் வழியாக வந்த வட்டியை மென்பொருள் சாதாரண வட்டியாகவே வைத்துக்கொள்ளும். அதைக் கழிக்கும் முன் உங்கள் மாநிலத்தின் வழிகாட்டுதலைப் படித்துவிடுங்கள். டெக்ஸாஸ், புளோரிடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பெரிய தள்ளுபடி உள்ள பாண்டுகள் ஒரே ஆண்டில் முதிர்ந்தால், பிடித்தம் எதுவும் இல்லாமல் மொத்தமாக வருமானம் ஏறும். கட்ட வேண்டிய பாக்கி 1,000 டாலருக்கு மேல் போனால் அபராதம் வரலாம். முந்தைய ஆண்டு வரியில் 100 சதவீதம் (அந்த ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 சதவீதம்) இந்த ஆண்டு பிடித்தமாகப் போய்விட்டால் அபராதம் இல்லை. முதிர்வு தேதி முன்பே தெரியும் என்பதால், அந்த ஆண்டில் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்திப் பிடித்தத்தைக் கூட்டிவிடுவதுதான் சுலபமான வழி. காலாண்டு வரி கட்டுவதைவிடத் தொல்லை குறைவு.

11. கடிதம் வந்துவிட்டால்

1எஃப் கட்டத்தின் எண் ஐஆர்எஸுக்கும் போகிறது. உங்கள் படிவத்தோடு பொருந்தாவிட்டால் சிபி2000 என்ற கடிதம் வரும். அது அபராத ஆணையல்ல; இப்படித் திருத்தலாமா என்று கேட்கும் முன்மொழிவு. கடிதத்தில் குறிப்பிட்ட தேதிக்குள், பொதுவாக 30 நாளில், பதில் போட வேண்டும். நீங்கள் 8949இல் கழித்து ஷெட்யூல் பியில் சேர்த்திருந்தால் ‘உடன்படவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு, இரண்டு படிவங்களின் நகலோடு, எந்த வரியில் அந்தத் தொகை இருக்கிறது என்று அடையாளமிட்டு அனுப்புங்கள். முழுவதையும் மூலதன ஆதாயமாகக் காட்டியிருந்தால், அந்த ஆதாயத்தைக் குறைத்து வட்டியைக் கூட்டிய திருத்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்கெனவே கட்டிய ஆதாய வரியைக் கழித்த பிறகு வரும் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். முதிர்ந்த ஆண்டின் 1099, டிரேட் கன்ஃபர்மேஷன், ஷெட்யூல் பி மூன்றையும் தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு ஒரே கோப்பில் வைத்திருங்கள்.